மூன்று முறை விலகியவர்: இசை நடத்துநர் எரிக் க்ளைபர்

எரிக் க்ளைபர் ஒரே ஒரு பெரிய பதவியில்தான் நீண்ட காலம் இருந்தார். 1923 முதல் 1934 வரை பெர்லின் அரசு ஓப்பராவின் தலைமை இசை நடத்துநர் அவர். அதை உதறியபோது வயது நாற்பத்து நான்கு. இசை நடத்துநர்களின் கணக்கில் அது இளமை; பலர் அறுபது, எழுபதைக் கடந்தபிறகே தங்கள் உச்சத்தைத் தொடுகிறார்கள். அதன்பின் 1956இல் இறக்கும்வரை ஆம்ஸ்டர்டாம், லண்டன், புவெனஸ் அயர்ஸ், ஹவானா, நியூயார்க், ஃப்ளோரன்ஸ் என்று கடல் கடந்தும் கண்டம் கடந்தும் போய்க்கொண்டே இருந்தார். பெரும்பாலும் விருந்தினராகத்தான். அந்தப் பயணத்தை நிலப்படத்தில் குறித்துப் பார்த்தால், அது திசைமாறிய முக்கியமான இடங்கள் அவர் ‘மாட்டேன்’ என்று சொன்ன இடங்கள் என்பது தெரியும். ஆஸ்திரியாவில் பிறந்து உலகப் புகழ் பெற்ற இசை நடத்துநர்கள் பலர் உண்டு. மறுப்புகளே வாழ்க்கைப் பாதையை வகுத்தது அவர்களில் க்ளைபருக்குத்தான்.

பிறந்தது 1890 ஆகஸ்ட் 5, வியன்னாவில். சிறு வயதிலேயே தாய் தந்தை இருவரையும் இழந்தார். வளர்ந்ததும் படித்ததும் வியன்னாவுக்கும் பிராகுக்கும் இடையில். 1897 முதல் 1907 வரை வியன்னா அரசவை ஓப்பராவுக்குத் தலைமை வகித்தவர் குஸ்தாவ் மாலர். தேய்ந்துபோன பழக்கங்களைத் துடைத்தெறிந்துவிட்டு, ஒவ்வொரு படைப்பையும் அன்றுதான் எழுதப்பட்டதுபோல் மேடையேற்ற வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தவர். அந்த நகரத்தில், அந்த ஆண்டுகளில் இளைஞனாக இசை கேட்டவர் க்ளைபர். இந்தத் தொழிலை அவர் தேர்ந்ததற்கும், அதைச் செய்த விதத்துக்கும் மூலம் அங்கேதான் இருக்கிறது.

பிராகில் படித்து முடித்ததும் 1912இல் டார்ம்ஸ்டாட் நகரின் அரசவை அரங்கில் வேலை கிடைத்தது. ஜெர்மன் மொழி பேசும் நாடுகளில் அன்று சிறு நகரங்கள் பலவற்றுக்கும் சொந்தமாக ஓப்பரா அரங்கு இருந்தது. பல இடங்களில் இன்றும் இருக்கிறது. ஓர் இளைஞன் அங்கே சேர்ந்தால் முதலில் பியானோவில் உட்கார்ந்து பாடகர்களுக்குப் பாட்டுச் சொல்லிக்கொடுக்க வேண்டும், திரைக்குப் பின்னால் நின்று கோரஸுக்குச் சைகை காட்ட வேண்டும். மூத்தவருக்கு உடம்பு சரியில்லாத நாளில் ஒத்திகையே இல்லாமல் ஓர் ஓப்பரெட்டாவை நடத்த வேண்டும். க்ளைபர் டார்ம்ஸ்டாட்டில் ஏழு ஆண்டுகள் இப்படி உழைத்தார். பிறகு பார்மன்-எல்பர்ஃபெல்ட், ட்யூசல்டார்ஃப், மன்ஹைம். பின்னாளில் எந்தப் பாடகரையும் தானே பியானோவில் உட்கார்ந்து தயார்செய்யும் வழக்கமும், இசைப்பிரதியின் ஒவ்வொரு குரலையும் தனித்தனியாக அறிந்திருக்கும் பழக்கமும் இந்த ஆண்டுகளின் வரவு.

1923இல் பெர்லினில் பேத்தோவனின் ‘ஃபிடெலியோ’வை நடத்த வந்தார். சில நாட்களுக்குள் அரசு ஓப்பராவின் தலைமைப் பொறுப்பு அவரிடம் தரப்பட்டது. ஜெர்மனியின் பணவீக்கம் உச்சத்தில் இருந்த ஆண்டு அது. ஆனால் இசையைப் பொறுத்தவரை பெர்லினுக்கு இணையான நகரம் அப்போது உலகில் இல்லை. பில்ஹார்மோனிக்கில் ஃபுர்ட்வெங்லர், சார்லட்டன்பர்க் ஓப்பராவில் ப்ரூனோ வால்ட்டர், 1927 முதல் க்ரோல் ஓப்பராவில் ஓட்டோ க்ளெம்பெரர். இத்தாலிய இசை நடத்துநர் டோஸ்கானினி பெர்லினுக்கு வந்தபோது இவர்கள் எல்லோரும் அவரோடு வரிசையாக நிற்கும் புகைப்படம் ஒன்று இசை வரலாற்று நூல்களில் திரும்பத் திரும்ப அச்சாகிறது. அதில் க்ளைபரும் இருக்கிறார்: குட்டையான, வழுக்கைத் தலை மனிதர். ஐந்து பேரில் இன்று மிகக் குறைவாக நினைக்கப்படுபவர் அவர்தான் என்பது எனக்கு வருத்தம் தருகிறது.

புதிய படைப்புகளை அவர் தேடிப்போனார். 1924இல் யானாச்செக்கின் ‘யெனூஃபா’வை பெர்லினில் மேடையேற்றினார். மொராவியாவில் வாழ்ந்த அந்த முதிய இசைமேதையின் பெயர் ஜெர்மன் அரங்குகளில் பரவ அது பெரிதும் உதவியது. ஆனால் க்ளைபரின் பெயர் வரலாற்றில் நிலைத்தது மற்றொரு படைப்பால்.

இசையமைப்பாளர் ஆல்பன் பெர்க் 1914இல் வியன்னாவில் கியார்க் ப்யூஷ்னரின் ‘வோட்செக்’ நாடகத்தைப் பார்த்தார். மேலதிகாரிகளாலும் ஒரு மருத்துவராலும் வதைக்கப்பட்டு, மனம் பேதலித்து, தன் காதலியைக் கொன்றுவிடும் ஏழைச் சிப்பாயின் கதை. அதை ஓப்பராவாக்க வேண்டும் என்று அவருக்கு உடனே தோன்றியது. இடையில் போர் வந்தது. பெர்க்கே சிப்பாய் ஆனார். 1922இல்தான் எழுதி முடித்தார். மூன்று அங்கங்கள், பதினைந்து காட்சிகள். ஒவ்வொரு காட்சிக்கும் கட்டுக்கோப்பான ஓர் இசைவடிவம்: ஒன்று பாசகாலியா, ஒன்று ஃப்யூக், இரண்டாம் அங்கம் முழுவதும் ஐந்து பகுதிகள் கொண்ட சிம்பொனி. கேட்பவருக்கு இந்தக் கட்டுமானம் தெரியாது, தெரிய வேண்டியதும் இல்லை என்பது பெர்க்கின் கருத்து. சிப்பாயின் துயரம் மட்டும் தெரிந்தால் போதும். பெரிய அரங்குகளில் எதுவும் இதைத் தொட முன்வரவில்லை. பாடுவதற்குக் கடினம், வாசிப்பதற்கு அதைவிடக் கடினம். பிரதியின் அச்சுச் செலவுக்கு உதவியவர் மாலரின் மனைவியாக இருந்த ஆல்மா. படைப்பும் அவருக்கே காணிக்கையாக்கப்பட்டது.

1924 தொடக்கத்தில் வியன்னா வந்திருந்த க்ளைபருக்குப் பியானோவில் இந்த ஓப்பரா வாசித்துக் காட்டப்பட்டது. இரண்டு காட்சிகள் கேட்டதுமே முடிவு செய்துவிட்டார், வேலையே போனாலும் இதை பெர்லினில் நடத்துவது என்று. வேலை போகும் வாய்ப்பும் நெருங்கித்தான் வந்தது. அரங்கேற்றத்துக்குச் சில வாரங்களே இருந்தபோது ஓப்பராவின் இயக்குநர் மாக்ஸ் ஃபான் ஷில்லிங்ஸ் பதவிநீக்கம் செய்யப்பட்டார். பத்திரிகைகள் க்ளைபரையும் சேர்த்துத் தாக்கின. நூற்று முப்பத்தேழு ஒத்திகைகள் நடந்தன, அரசுப் பணம் பாழாகிறது என்ற கதை பரவியது. அந்த எண் மிகை. இசைக்குழுவுக்கு முப்பதைத் தாண்டிய ஒத்திகைகள் நடந்தன. அதுவே அன்றைய வழக்கத்துக்குப் பெரிய எண்ணிக்கை. இப்படிப்பட்ட படைப்புக்கு அவசியமானதும்கூட. 1925 டிசம்பர் 14 அன்று ‘வோட்செக்’ அரங்கேறியது. லியோ ஷூட்ஸென்டார்ஃப் வோட்செக்காகப் பாடினார். கூச்சலும் இருந்தது, கைதட்டல் அதைவிட அதிகமாக இருந்தது. அடுத்த ஆண்டு பிராகில் மேடையேறி மூன்றே நிகழ்ச்சிகளில் கலவரம் காரணமாகத் தடைசெய்யப்பட்டது. 1927இல் லெனின்கிராடுக்குப் போனது. 1929இல் ஓல்டன்பர்க் என்ற சிற்றூர் அரங்கே அதை வெற்றிகரமாக மேடையேற்றியது. சிற்றூரும் நடத்த முடியும் என்று தெரிந்தபிறகு யாரும் அதை நடத்த முடியாத ஓப்பரா என்று சொல்லவில்லை.

இங்கே இசை நடத்துநரின் தொழிலைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். மேடையில் ஒரு சுரத்தைக்கூடத் தானாக எழுப்பாத கலைஞர் அவர் ஒருவர்தான். அவருடைய வேலையில் பெரும்பகுதி பார்வையாளர்கள் வருவதற்கு முன்பே முடிந்துவிடுகிறது. நல்ல நிகழ்ச்சிக்கு இரண்டு எதிரிகள் உண்டு என்று க்ளைபர் கருதினார்: ஒன்று சடங்காகிவிட்ட பழக்கம், மற்றது மேடையில் அந்த நேரத்துக்குத் தோன்றியதைச் செய்வது. இரண்டுக்கும் மருந்து ஒத்திகை. இசையமைப்பாளர் எழுதியதில் எதையும் வெட்டக்கூடாது. பல காலமாக எல்லா அரங்குகளும் விட்டுவிட்டு வந்த பகுதிகளையும் திரும்பக் கொண்டுவந்து வைப்பார். முதல் வயலின்களையும் இரண்டாம் வயலின்களையும் ஒரே பக்கம் குவிக்காமல் இடமும் வலமுமாக எதிரெதிரே உட்கார வைத்தார். மொட்ஸார்ட்டும் பேத்தோவனும் அந்த இரண்டு குரல்களையும் ஒன்றோடொன்று உரையாடும்படி எழுதியிருக்கிறார்கள், அந்த உரையாடல் காதில் விழ வேண்டும் என்பதற்காக. இந்தக் கண்டிப்பு இசையை இறுக்கிவிடவில்லை. மிகத் துல்லியமாகத் தயார்செய்யப்பட்ட குழுவுக்கு நிகழ்ச்சியன்று கிடைக்கும் விடுதலையை அவருடைய ஒலிப்பதிவுகளில் இன்றும் கேட்க முடிகிறது.

1933 ஜனவரியில் ஹிட்லர் ஆட்சிக்கு வந்தார். ப்ரூனோ வால்ட்டரும் க்ளெம்பெரரும் யூதர்கள். சில மாதங்களுக்குள் ஜெர்மனியை விட்டு விரட்டப்பட்டார்கள். டிரெஸ்டன் ஓப்பராவின் இசை நடத்துநர் ஃப்ரிட்ஸ் புஷ் யூதர் இல்லை. நாஜிகளுக்கு வளைந்துகொடுக்காததால் மேடையிலேயே கூச்சலிட்டு வெளியேற்றப்பட்டார். க்ளைபர் கத்தோலிக்கர். அவருக்கு உடனடி ஆபத்து இல்லை. அவர் இருந்தார். நண்பர்கள் போன பிறகும் ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் அதே பதவியில், அதே மேடையில் இருந்தார். அவரைப் போற்றி எழுதுபவர்கள் இதை வேகமாகக் கடந்துவிடுகிறார்கள். அது சரியில்லை என்று நினைக்கிறேன். அவருடைய விலகலின் எடையை அறிய வேண்டுமானால் அதற்கு முன் அவர் பொறுத்துக்கொண்டதையும் பார்த்தாக வேண்டும். தன் மேடைக்குள் அரசியல் நுழையாதவரை தன் வேலை தொடரலாம் என்று அவர் நம்பியிருக்க வேண்டும். அந்த ஆண்டுகளில் பலரும் நம்பியது அது.

அந்த நம்பிக்கையின் எல்லையை அவர் தானே சோதித்தார். பெர்க்கின் இசை அப்போது ஆட்சியாளர்களுக்கு ஆகாதது. அவர் எழுதிக்கொண்டிருந்த ‘லூலூ’ ஓப்பராவிலிருந்து தொகுத்த சிம்பொனிப் பகுதிகளை 1934 நவம்பர் 30 அன்று பெர்லினில் க்ளைபர் முதன்முறையாக நடத்தினார். அரங்கம் நிரம்பியிருந்தது. கைதட்டலுக்கு நடுவில் ஒருவர் ‘ஹைல் மொட்ஸார்ட்!’ என்று கத்தினார். அடுத்த நாட்களில் பத்திரிகைகள் பாய்ந்தன. நான்கு நாட்கள் கழித்து, டிசம்பர் 4 அன்று, க்ளைபர் பதவி விலகினார். அதே நாளில் ஃபுர்ட்வெங்லரும், ஆட்சியாளர்களுக்கு ஆகாத இசையமைப்பாளர் ஹிண்டமித்தை ஆதரித்த விவகாரத்தில் தன் பதவிகளை விட்டார். ஆனால் சில மாதங்களில் ஆட்சியாளர்களோடு சமரசம் செய்துகொண்டு பெர்லின் மேடைக்குத் திரும்பினார். க்ளைபர் 1935 ஜனவரியில் மனைவி குழந்தைகளோடு ஜெர்மனியைவிட்டே போனார். ஓராண்டு கழிவதற்குள், 1935 டிசம்பரில், பெர்க் வியன்னாவில் இறந்தார்.

காலியான இடங்கள் காலியாகவே இருக்கவில்லை. பெர்லின் அரசு ஓப்பராவுக்குத் தலைமையேற்க வியன்னாவிலிருந்து வந்தவர் க்ளெமென்ஸ் க்ரௌஸ். டிரெஸ்டனில் புஷ்ஷின் நாற்காலிக்கு 1934இல் வந்தவர் கார்ல் ப்யோம், கிராட்ஸில் பிறந்தவர். சால்ஸ்பர்கில் பிறந்த ஹெர்பர்ட் ஃபான் கராயன் நாஜிக் கட்சியில் உறுப்பினரானார். 1938இல் இதே பெர்லின் அரசு ஓப்பராவில் நடத்தித்தான் பத்திரிகைகளால் ‘அற்புதம்’ என்று கொண்டாடப்பட்டார். மூவரும் ஆஸ்திரியர்கள், மூவரும் மிகப்பெரிய கலைஞர்கள். அவர்களுடைய ஒலிப்பதிவுகளை நானும் விரும்பிக் கேட்கிறேன். ஆனால் அன்றைய ஆஸ்திரிய இசை நடத்துநர் ஒருவருக்கு முன்னால் என்னென்ன வழிகள் திறந்திருந்தன என்பதை இந்தப் பெயர்களை அருகருகே வைத்தால்தான் விளங்கிக்கொள்ள முடியும்.

இரண்டாவது மறுப்பு மிலானில். இத்தாலி 1938இல் இனச் சட்டங்களை இயற்றியது. க்ளைபர் அடுத்த ஆண்டு லா ஸ்காலாவில் ‘ஃபிடெலியோ’ நடத்த ஒப்புக்கொண்டிருந்தார். அநியாயமாகச் சிறையிடப்பட்டவனை அவன் மனைவி மீட்கும் ஓப்பரா அது. அந்த அரங்கில் யூதர்களுக்கு இடமில்லை என்று அறிந்ததும் ஒப்பந்தத்தை முறித்தார். இசை வெயிலையும் காற்றையும் போல எல்லோருக்கும் பொது, அதை ஒரு சாராருக்கு மறுக்கும் இடத்தில் கிறித்தவனாகவும் கலைஞனாகவும் தன்னால் பணியாற்ற முடியாது என்பது அவர் சொன்ன காரணம். இம்முறை அவருடைய படைப்புத் தேர்வில் யாரும் கைவைக்கவில்லை. பிரச்சினை வாசலில் இருந்தது. 1934இல் அவர் நின்ற இடத்திலிருந்து ஒரு படி முன்னே வந்திருக்கிறார் என்றே இதை வாசிக்கிறேன்.

அதற்குள் அவருடைய சொந்த நாடே இல்லாமல் போயிருந்தது. 1938 மார்ச்சில் ஆஸ்திரியாவை ஜெர்மனி விழுங்கியது. அதே ஆண்டில் அவர் அர்ஜென்டினக் குடிமகனானார். பெர்லினில் 1930இல் கார்ல் என்ற பெயரில் பிறந்த மகன் கார்லோஸ் ஆனான். புவெனஸ் அயர்ஸ் அவருக்குப் புதிய ஊர் இல்லை. 1926இல் முதன்முறையாக அங்கே நடத்தப் போனபோதுதான் ரூத் குட்ரிச் என்ற அமெரிக்கப் பெண்ணைச் சந்தித்து மணந்தார். அங்குள்ள கொலோன் அரங்கு 1908இல் திறக்கப்பட்டது. ஒலியமைப்பில் உலகின் சிறந்த ஓப்பரா அரங்குகளில் ஒன்று என்று இன்றும் பாடகர்கள் சொல்வது. தென் அரைக்கோளத்தின் குளிர்காலத்தில் அங்கே இசைப்பருவம். ஐரோப்பிய அரங்குகள் மூடியிருக்கும் மாதங்கள் அவை. 1937 முதல் 1949 வரை அங்கே ஜெர்மன் ஓப்பராப் பருவங்களை க்ளைபர் நடத்தினார். வாக்னர், மொட்ஸார்ட், ரிச்சர்ட் ஸ்ட்ராஸ். ஐரோப்பாவில் குண்டு விழுந்துகொண்டிருந்த ஆண்டுகளில் ஜெர்மன் ஓப்பராவின் ஒரு பகுதி இப்படி ரியோ தெ லா பிளாட்டாவின் கரையில் அகதிகளாலும் உள்ளூர்க் கலைஞர்களாலும் உயிரோடு காக்கப்பட்டது. டிரெஸ்டனை இழந்த ஃப்ரிட்ஸ் புஷ்ஷும் அங்கே வந்து நடத்தினார்.

உருகுவே, சிலி, மெக்ஸிகோ என்று மற்ற நாடுகளுக்கும் போனார். 1943 முதல் 1947 வரை ஹவானா பில்ஹார்மோனிக்கின் தலைமை அவருடையது. பெர்லினின் தலைசிறந்த குழுவைப் பழக்கிய மனிதர், போதிய பணமோ பாரம்பரியமோ இல்லாத குழுக்களோடு இந்தப் பத்தாண்டுகளைக் கழித்தார். ஐரோப்பாவில் எழுதப்பட்ட இசை வரலாறுகள் இதை ஒரு வரியில் முடித்துவிடுகின்றன. பெர்லினில் அவர் இருந்ததற்குச் சமமான காலம் இது. லத்தீன் அமெரிக்க இசைக்கலைஞர்களின் ஒரு தலைமுறை, ஒத்திகை என்றால் என்ன என்பதை அவரிடம்தான் கற்றது.

போருக்குப் பிறகு 1948இல் லண்டனில் மீண்டும் தோன்றினார். 1950 முதல் கோவென்ட் கார்டன் ஓப்பராவில் விருந்தினர். போரில் நடனக்கூடமாக இருந்து, 1946இல் மீண்டும் ஓப்பரா அரங்கானது அந்த இடம். இசைக்குழு இளையது. ஸ்ட்ராஸின் ‘ரோஸன்காவலியர்’, சைக்கோவ்ஸ்கியின் ‘ஸ்பேட் ராணி’, பிறகு 1952 ஜனவரியில் ‘வோட்செக்’. பெர்லின் அரங்கேற்றத்துக்கு இருபத்தாறு ஆண்டுகள் கழித்து, பிரிட்டிஷ் மேடையில் அந்த ஓப்பராவை முதன்முறையாக நடத்தியவரும் அவரே ஆனார். லண்டன் இசைக்குழுவின் தரம் உயர்ந்ததற்கு அந்த ஆண்டுகளைக் காரணமாகச் சொன்னவர்கள் பலர். இடையில் 1951இல் ஃப்ளோரன்ஸ் விழாவில் பாடகி மரியா காலாஸைக் கொண்டு வெர்தியின் ‘சிசிலிய மாலைப் பிரார்த்தனை’யையும், ஹைடன் 1791இல் எழுதி அவர் காலத்தில் மேடையே ஏறாத ஆர்ஃபியஸ் ஓப்பராவின் முதல் அரங்கேற்றத்தையும் நடத்தினார்.

எங்கும் நிலையான இடமில்லை. வியன்னா ஓப்பராவின் தலைமை அவருக்கு ஒருபோதும் வரவில்லை. 1951இல் கிழக்கு பெர்லினிலிருந்து அழைப்பு வந்தபோது அவர் போனதை இந்தப் பின்னணியில் பார்க்க வேண்டும். உண்டர் டென் லிண்டன் வீதியில் இருந்த அவருடைய பழைய ஓப்பரா, 1742இல் மன்னர் இரண்டாம் ஃப்ரீட்ரிஷ் கட்டியது, போரில் இரண்டு முறை குண்டுபட்டு அழிந்திருந்தது. குழு அட்மிரால்ஸ்பாலாஸ்ட் அரங்கில் ஒதுங்கியிருந்தது. கட்டடத்தைப் பழைய வடிவிலேயே எழுப்பப் போகிறோம், நீங்கள் திரும்பி வாருங்கள் என்றார்கள். 1954இல் ஒப்புக்கொண்டார். மேற்கத்தியப் பத்திரிகைகள் அவரைத் தாக்கின. கிழக்கு ஜெர்மனியில் தொழிலாளர் எழுச்சி டாங்கிகளால் நசுக்கப்பட்டது 1953 ஜூனில். அதன்பின் இந்த முடிவா என்று கேட்டவர்களின் கேள்வியில் நியாயம் இருந்தது. பெர்லின் பிளவுபட்டாலும் இசை பிளவுபடாது என்பது அவருடைய நிலை.

கட்டடம் எழுந்துகொண்டிருந்தது. முகப்பில் ஒரு லத்தீன் வரி பொறிக்கப்பட்டிருந்தது முன்பு. மன்னர் ஃப்ரீட்ரிஷ் இதை அப்பல்லோவுக்கும் கலைத் தேவியர்க்கும் அர்ப்பணிக்கிறார் என்பது அதன் பொருள். அதை நீக்கி ‘ஜெர்மன் அரசு ஓப்பரா’ என்று பொறித்தார்கள். 1955 மார்ச்சில் க்ளைபர் இயக்குநர் மாக்ஸ் புர்கார்ட்டுக்குக் கடிதம் எழுதி விலகினார். 1934இல் நடந்ததைப் போலவே அரசியலும் பிரச்சாரமும் இந்தக் கோயிலின் வாசலோடு நிற்கப் போவதில்லை என்பதற்கு இது அடையாளம் என்றார்.

ஒரு கல்வெட்டுக்காகவா என்று அன்றே பலர் கேட்டார்கள். டாங்கிகளைப் பொறுத்துக்கொண்டவர் எழுத்துகளைப் பொறுக்கவில்லையே என்று இன்றும் கேட்கலாம். என் விடை இது: க்ளைபர் அரசியல் மனிதர் இல்லை. ஆட்சிகளைப் பற்றிய அவருடைய கணிப்பு இரண்டு முறையும் மெதுவாகவே விழித்துக்கொண்டது. ஆனால் ஓர் ஓப்பரா அரங்கு யாருக்குச் சொந்தம் என்பதில் அவருக்கு என்றும் குழப்பம் இருந்ததில்லை. அதில் எதை வாசிப்பது என்று அரசு சொன்னபோது போனார். யார் கேட்பது என்று அரசு சொன்னபோது போக மறுத்தார். யாருக்கு அர்ப்பணிக்கப்பட்டது என்பதை அரசு அழித்தபோது மீண்டும் போனார். குறுகிய எல்லைதான், ஆனால் அதை ஒவ்வொரு முறையும் தன் செலவில் காத்தார். 1955 செப்டம்பர் 4 அன்று அவர் இல்லாமலே அரங்கு வாக்னரின் ‘மைஸ்டர்ஸிங்கர்’ ஓப்பராவோடு திறக்கப்பட்டது. ஃப்ரான்ஸ் கொன்விட்ஷ்னி நடத்தினார். நீக்கப்பட்ட லத்தீன் வரி பிற்காலத்தில் முகப்புக்குத் திரும்பிவிட்டது.

நிலையான பதவி இல்லாததன் இழப்பு ஒலிப்பதிவுகளில் தெரிகிறது. கராயனுடையவை நூற்றுக்கணக்கில் இருக்க, க்ளைபர் ஸ்டூடியோவில் பதிந்த முழு ஓப்பராக்கள் மிகச் சில. டெக்கா நிறுவனத்துக்காக வியன்னா பில்ஹார்மோனிக்கோடு 1954இல் செய்த ‘ரோஸன்காவலியர்’, 1955இல் செய்த மொட்ஸார்ட்டின் ‘ஃபிகாரோவின் திருமணம்’, ஆம்ஸ்டர்டாம் கான்ஸெர்ட்கெபௌ குழுவோடு பேத்தோவனின் சில சிம்பொனிகள். ‘ஃபிகாரோ’வில் வழக்கமாக வெட்டப்படும் மார்செல்லினா, பாஸிலியோ பாடல்கள் முழுதாக இருக்கின்றன. ‘ரோஸன்காவலிய’ரில் வெட்டே இல்லை. முதன்முறை கேட்பவர்கள் ‘ஃபிகாரோ’வின் நான்காம் அங்கத்தில் தொடங்கலாம். தோட்டத்து இருட்டில் ஆளுக்கு ஆள் மாறுவேடத்தில் திரியும்போது ஒவ்வொரு கருவியின் குரலும் தனித்துக் கேட்கும், வேகம் எங்கும் துரத்தாது, பிரபு மன்னிப்புக் கேட்கும் இடத்தில் இசைக்குழு பாடகரோடு சேர்ந்தே மூச்சு விடும்.

1956 ஜனவரி 27 அன்று ஜூரிக்கில் க்ளைபர் இறந்தார். மொட்ஸார்ட்டின் இருநூறாவது பிறந்தநாள் அது. மகன் இசைக்கு வருவதை அவர் விரும்பியதில்லை. ஜூரிக்கில் வேதியியல் படிக்க அனுப்பினார். மகன் படிப்பை விட்டுவிட்டு, 1950களின் நடுவில் பாட்ஸ்டாமில் கார்ல் கெல்லர் என்ற மாற்றுப்பெயரில் முதல்முறை ஓர் ஓப்பரெட்டாவை நடத்தினார். கார்லோஸ் க்ளைபர் என்ற பெயர் பின்னர் தந்தையின் பெயரைவிடப் பெரிதாயிற்று. ‘ரோஸன்காவலியர்’, பேத்தோவனின் ஐந்தாம், ஏழாம் சிம்பொனிகள், ‘வோட்செக்’ என்று அவர் எடுத்துக்கொண்ட படைப்புகள் பெரும்பாலும் தந்தை நடத்தியவை. தந்தை குறிப்பெழுதிய இசைப்பிரதிகளைத் தேடிப் படித்தார். அவரும் எந்த நிறுவனத்திலும் நிலையாக இருக்கவில்லை, ஒத்திகை போதாது என்றால் நிகழ்ச்சியையே விட்டுவிட்டுப் போனார். அவரைப் பற்றி நூல்களும் ஆவணப்படங்களும் வந்தபடி இருக்கின்றன. தந்தையின் வாழ்க்கையை ஜான் ரஸ்ஸல் 1957இல் ஆங்கிலத்தில் எழுதினார். ஹவானாவிலும் சாண்டியாகோவிலும் மொண்டெவீடியோவிலும் அவர் செய்த வேலையை முழுமையாக ஆராய்ந்து சொல்லும் நூல் ஒன்றை நான் இன்னும் எதிர்பார்த்துக்கொண்டிருக்கிறேன்.